குவித்த ஒலியும் மூளை நோய்களும்

உடலுறுப்புக்கள் யாவற்றுள்ளும் மூளைக்கு இயற்கை அமைத்த காவல் பெரிது. புறத்தே மண்டையோடு என்னும் எலும்புக் கோட்டை; அகத்தே, குருதியில் ஓடும் பொருள்களுள் வேண்டியவற்றை மட்டும் உள்ளே விடுத்து ஏனையவற்றைத் தடுக்கும் மற்றொரு மதில். உடல் நலமாயிருக்குங் காலத்தில் இவ்விரு காவலும் நமக்குத் துணையாவன. நோயுற்ற காலத்திலோ வைத்தியருக்குத் தடையாவன. கத்தியும் மருந்தும் எளிதிற் புகவியலாத இவ்விடத்திற் புகுவதற்கு விஞ்ஞானிகள் ஒலியைத் துணைக்கொண்டுள்ளனர். அவ்வொலி முதலாம் மதிலை எவ்வாறு கடக்கின்றது, இரண்டாம் மதிலை எவ்வாறு திறக்கின்றது, அங்ஙனம் செய்வதால் நோய் உண்மையிலே தீர்கின்றதா என்பவற்றை ஈண்டு நோக்குவாம்.

நரம்புக் கலங்கள் படிப்படியாக அழிவதால் வரும் நோய்களை நரம்பழிவு நோய்கள் என்பர். தோலிலோ எலும்பிலோ காயம் உண்டானால் புதுக் கலங்கள் தோன்றி அவ்விடத்தை நிரப்பும். மூளையின் நரம்புக் கலம் அழியின் பெரும்பாலும் அழிந்ததேயாம். இலண்டன் வைத்தியரான யேம்சு பார்க்கின்சன் 1817 இல் விவரித்த நடுக்குவாதம் இவ்வகையினது. நடுமூளையிலே கருநிறம் படிந்து காணப்படும் சிறு பகுதியொன்றின் கலங்கள் டோபமின் என்னும் பொருளைச் சுரக்கின்றன. அவை அழியவே கை நடுங்கும், உடல் விறைக்கும், நடை தளரும். நோயின் முதற் குறி வெளியே தோன்றும் வேளையில் அக்கலங்களுட் பெரும்பகுதி அழிந்துவிட்டிருக்கும். செர்மனியரான அலோயிசு அல்சைமர் 1906 இல் எடுத்துரைத்த மறதிநோய் இவ்வகையின் மற்றொன்று. அதில் அமிலோயிட் என்னும் புரதம் கலங்களுக்கிடையே திட்டுத்திட்டாகப் படிகின்றது. கலங்களின் உள்ளே வேறொரு புரதம் முடிச்சு விழுகின்றது. நினைவும் அறிவும் ஒவ்வொன்றாக மறைகின்றன.

இவை முதுமையொடு பெருகும் நோய்கள். மக்கள் நீண்டகாலம் வாழும் நாடுகளிலெல்லாம் இவற்றின் தொகை ஏறிவருகின்றது. நம் நாடும் அவற்றுள் ஒன்று. பெற்ற மகனைத் தந்தை அடையாளங் காணாத ஒரு வீட்டிலே, 'ஒலியால் மறதிநோய் குணமாயிற்று' என்று பத்திரிகைத் தலைப்பொன்று புகுமாயின், அவ்வீட்டார் மனத்தில் எழும் ஆவல் எத்தகையது என்பதைச் சொல்லவேண்டுவதில்லை. ஆகலான் இத்துறையிலே நிறைவேறியது எது, முயலப்படுவது எது என்று பிரித்தறிதல் கற்றோர்க்குக் கடமையாகின்றது.

மனிதச் செவி ஒரு செக்கனுக்கு 20 முதல் 20,000 வரையான அதிர்வுகளையே ஒலியாக உணரும். அதற்கு மேற்பட்ட மீடிறனுடைய ஒலியைக் கழியொலி என்பர். மீயொலி என வழங்குவாரும் உளர். பிரான்சு தேசத்துச் சகோதரரான யாக்கு கியூரியும் பியர் கியூரியும் 1880 இல் ஒரு புதுமையைக் கண்டனர். படிகக்கல் போன்ற சில பளிங்குகளை அழுத்தினால் அவற்றின் முகங்களில் மின்னேற்றம் தோன்றும். இதன் மறுதலையும் உண்மையே: பளிங்கிற்கு மின்னழுத்தம் கொடுத்தால் அது சுருங்கி விரியும். மாறிமாறி மின்னழுத்தம் கொடுப்பின் அது அதிர்ந்து கழியொலியை எழுப்பும். முதலாம் உலகப் போரிலே நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடுதற்பொருட்டு இவ்வியல்பைப் பயன்படுத்திய போல் இலங்கெவன் என்னும் பௌதிக அறிஞர், ஒலிக்கற்றையின் வழியில் அகப்பட்ட மீன்கள் இறந்து மிதந்ததைக் கண்டார். 1927 இல் அமெரிக்கரான வூட், லூமிசு என்போர் வன்மைமிக்க கழியொலி உயிர்களுக்கு விளைக்கும் மாற்றங்களை விரிவாக ஆராய்ந்து வெளியிட்டனர். வைத்தியத்தில் இவ்வொலி அழிக்கும் கருவியாகவே முதலில் எண்ணப்பட்டது. கருவிலுள்ள குழந்தையைக் காட்டும் கருவியாக அது பயன்பட்டது பிந்திய காலத்திலாகும்.

இனி, குவித்தல் என்பது யாது? நம் நூல்கள் உவமையாக எடுத்தாளும் சூரியகாந்தக் கல்லை வாசகர் அறிவர். பரந்து கிடக்கும் வெயில் பஞ்சை எரிப்பதில்லை. அக்கல்லின் வழியாகச் சென்று ஒரு புள்ளியிற் கூடிய வெயிலே எரிக்கின்றது. ஒலியும் அவ்வாறே. கிண்ணம் போல வளைந்த பரப்பிலிருந்து எழும் ஒலியலைகள் தாம் கடக்கும் இடங்களில் யாதொரு தீங்கும் செய்யாமற் சென்று, குவியம் என்னும் ஒரு புள்ளியிலே ஒன்றுகூடி அங்கே மட்டும் வெப்பத்தை உண்டாக்கும். தோலைக் கீறாமலே உள்ளிருக்கும் ஓரிடத்தைச் சுடலாம் என்னும் எண்ணம் இதிலிருந்தே பிறந்தது.

எண்ணம் எளிது, எலும்பு தடுத்தது. 1942 இல் அமெரிக்காவிற் சிலர் விலங்குகளின் மண்டையோட்டின் ஊடாகவே குவித்த ஒலியைச் செலுத்தினர். மூளையில் விரும்பிய இடத்திற் சிறு சிதைவு உண்டானது உண்மையே. ஆயினும் இடையிலிருந்த தோலும் வெந்தது. எலும்பு ஒலியை உறிஞ்சிச் சூடேறும் என்பது ஒரு குறை. மற்றையது அதனினும் நுட்பமானது. மென்மையான இழையங்களில் ஒலி ஒரு செக்கனுக்கு 1,540 மீற்றர் அளவிற் செல்லும்; எலும்பில் அதன் வேகம் ஏறக்குறைய இருமடங்காகும். மண்டையோடு எங்கும் ஒரே தடிப்புடையதன்று. ஓரிடத்திற் புகுந்த அலை முந்தியும் வேறிடத்திற் புகுந்த அலை பிந்தியும் செல்லவே, குவியத்தில் அவை ஒன்றையொன்று வலுப்படுத்துவதற்கு மாறாக ஒன்றையொன்று அழித்துவிடும். ஆயிரம் பேர் வடம் பிடித்தாலும் எல்லாரும் ஒரே கணத்தில் இழுத்தாலன்றித் தேர் அசையாதன்றோ?

இத்தடையை நீக்க அக்காலத்தார் அறிந்த வழி ஒன்றே: எலும்பை எடுத்துவிடுதல். இல்லினோய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் பிறை, பிரான்சிசு பிறை என்னும் சகோதரர், அயோவாவின் சத்திரசிகிச்சை நிபுணரான இறசல் மையர்சு என்பாருடன் சேர்ந்து, 1950 களின் பிற்பகுதியில் நடுக்குவாதம் முதலிய நோயுடையாரின் மண்டையோட்டில் ஒரு துண்டை அகற்றி, அவ்வாயிலின் வழியே ஒலியைக் குவித்து மூளையின் ஆழத்திற் சிறு புள்ளிகளைச் சுட்டனர். நடுக்கம் குறைந்தது. ஆயினும் மண்டையோட்டைத் திறப்பதாயின் ஒலி எதற்கு, கத்தியே போதுமே என்று பிறர் நினைத்ததில் வியப்பில்லை. 1967 இல் கொற்சியாசு என்பார் லீவோடோபா என்னும் மருந்தை மிகுந்த அளவிற் கொடுத்து நற்பயன் கண்டதைத் தெரிவித்ததும் நடுக்குவாதத்திற்கான சத்திரசிகிச்சைகள் யாவும் பின்தள்ளப்பட்டன. இச்சகோதரரின் உழைப்பும் உடன் மறக்கப்பட்டது. விஞ்ஞான வரலாற்றில் உரிய காலத்திற்கு முன்னே வந்தவர் அடைந்த கதி இதுவே.

அவர்களுக்கு இல்லாதிருந்த துணைகள் இரண்டு பின்னர்க் கிடைத்தன. கணிப்பொறி ஒன்று, காந்தப் பரிவினாற் படமெடுக்கும் கருவி மற்றொன்று. பாரிசில் மத்தியாசு பிங்கு என்பார் ஒழுங்கற்ற ஊடகத்தாற் குலைந்த அலைகளைத் திருத்திக் குவிக்கும் முறையை வகுத்தார். பொசுத்தனிலும் பின்னர் ரொறன்ரோவிலும் பணியாற்றிய குலர்வோ ஐனினன் மண்டையோட்டின் வழியே குவிக்கும் கருவிகளை உருவாக்குவதில் முன்னின்றார். இன்று மருத்துவமனைகளிற் பயன்படும் கருவி 30 சென்ரிமீற்றர் விட்டமுள்ள, தலைக்கவசம் போன்ற ஓர் அரைக்கோளம். அதன் உட்புறத்தே 1,024 சிறு ஒலிமூலங்கள் பதிக்கப்பட்டுள்ளன. நோயாளரின் மண்டையோட்டைக் கதிர்ப்படத்தால் முன்னரே அளந்து, ஒவ்வொரு மூலத்தின் வழியிலும் எத்துணைத் தடிப்பான எலும்பு கிடக்கின்றது எனக் கணிப்பொறி கணிக்கும். பிந்தி வரவேண்டிய அலையை முந்தியும், முந்தி வரவேண்டியதைப் பிந்தியும் விடுப்பதால் எல்லா அலைகளும் ஒரே கணத்திற் குவியத்தை அடைகின்றன. அரைக்கோளம் முழுவதும் பரந்து புகுவதால் எலும்பின் எவ்விடமும் மிகுதியாகச் சூடேறுவதில்லை; அச்சூட்டையும் தணிக்கக் குளிர்ந்த நீர் தலையைச் சுற்றி ஓடிக்கொண்டிருக்கும். ஆயினும் சிலருடைய மண்டையோட்டின் அமைப்பு ஒலியை மிகுதியாகச் சிதறடிக்கும். அவர்கள் இச்சிகிச்சைக்கு உரியரல்லர் என முன்னரே விலக்கப்படுவர்.

சிகிச்சை நடைபெறும் முறை அறியத்தக்கது. நோயாளரின் தலைமயிர் முழுவதும் மழிக்கப்படும். தலை ஒரு சட்டத்தில் அசையாது பொருத்தப்படும். அவர் விழித்தபடியே காந்தக் கருவியினுள் கிடப்பார். ஒரு செக்கனுக்கு ஏறக்குறைய 6,50,000 அதிர்வுள்ள ஒலி, அரிசிமணியொத்த சிற்றிடத்திற் குவிக்கப்படும். நீர் மூலக்கூறுகளிலுள்ள ஐதரசன் கருக்களின் பரிவு மீடிறன் வெப்பநிலையொடு சிறிது மாறும். அம்மாற்றத்தைக் காந்தக் கருவி அளந்து மூளையினுள்ளே எவ்விடம் எத்துணைச் சூடேறியது எனப் படமாகக் காட்டும். முதலில் மெல்லிய சூடு. அவ்வளவில் கலங்கள் இறவா, சிறிது நேரம் செயலடங்கும். வைத்தியர் நோயாளரின் கையில் எழுதுகோலைக் கொடுத்து ஒரு சுருள்கோடு வரையச் சொல்வர். கோடு நேர்பட்டதாயின், பேச்சோ உணர்ச்சியோ குழறவில்லையாயின், இடம் சரியானதே எனத் துணிந்து, வெப்பநிலையை 55 முதல் 60 பாகை செந்திகிரேட்டு வரை உயர்த்தி அவ்விடத்தை நிலையாகச் சுடுவர். செய்யுமுன்னரே செய்வதன் பயனைச் சோதித்துப் பார்க்கும் இவ்வசதியே இம்முறையின் தனிச்சிறப்பு என்பது எம் கருத்து.

வேர்ஜினியா பல்கலைக்கழகத்தின் செப்ரி எலியாசு தலைமையில் நடந்து 2016 இல் வெளிவந்த ஆய்வில், பார்க்கின்சன் நோயின் வேறான, பரம்பரையாகவும் வரும் கைந்நடுக்க நோயுடையார் 76 பேர் பங்குபற்றினர். அவருட் சிலருக்குத் தலைமயிர் மழித்தல் முதலிய எல்லாம் நடந்தன. ஒலி மட்டும் செலுத்தப்படவில்லை. அதனை அவர்கள் அறியார். மூன்று மாதத்தின் பின் ஒலி பெற்றவரின் கைந்நடுக்கம் சராசரி 47 சதவீதம் குறைந்திருந்தது; பெறாதவரிடத்து மாற்றமே இல்லை எனலாம். தீங்கும் இல்லாமலில்லை. ஒலி பெற்றவருள் நூற்றுக்கு 36 பேருக்கு நடையிலே தளர்ச்சியும் 38 பேருக்கு மரமரப்பும் தோன்றின. ஓராண்டின் பின் இவை முறையே 9 உம் 14 உம் ஆகக் குறைந்தன. அவ்வாண்டிலேயே அமெரிக்க அரசின் அனுமதி இச்சிகிச்சைக்குக் கிடைத்தது. பார்க்கின்சன் நோயின் நடுக்கத்திற்கு 2018 இலும், அந்நோயின் வேறு சில அசைவுக் குறைகளுக்கு 2021 இலும் அனுமதி வழங்கப்பட்டது.

இவ்விடத்து ஒன்றைத் தெளிதல் வேண்டும். சுடப்படும் இடம் நோயின் உற்பத்தித் தானமன்று. பார்க்கின்சன் நோயில் அழிவது நடுமூளையின் கரும்பகுதி. நடுக்கத்தைத் தணிக்கச் சுடப்படுவதோ தலமசு என்னும் வேறிடத்தில், நடுக்கத்தைக் கடத்தும் நரம்புச் சுற்றின் ஒரு கண்ணி. கண்ணி அறுபடவே நடுக்கம் நிற்கின்றது. கரும்பகுதியின் அழிவு தன்பாட்டில் நடந்துகொண்டேயிருக்கும். எனவே இது நோய்க்குறியைத் தீர்க்கும் சிகிச்சை. நோயைத் தீர்க்கும் சிகிச்சையன்று. இதனாற் சிறுமை யாதுமில்லை. தானே சோறெடுத்து உண்ணமாட்டாதவர் உண்ணவும், தேநீர்க் கோப்பையைச் சிந்தாது ஏந்தவும் வல்லராதல் சிறிய பயனன்று. ஆயினும் இரண்டையும் ஒன்றெனக் கூறுவது பிழை.

நோயையே அணுகுதற்கு இரண்டாம் மதிலைக் கடக்கவேண்டும். 1885 இல் போல் ஏளிக்கு என்னும் செர்மன் அறிஞர் விலங்குகளின் குருதியிற் சில சாயங்களைச் செலுத்தினார். உடல் முழுவதும் சாயமேறிற்று. மூளை மட்டும் வெண்மையாகவே இருந்தது. மூளைக்குச் சாயத்தைப் பற்றும் இயல்பு இல்லை என அவர் எண்ணினார். எட்வின் கோல்ட்மன் 1913 இல் இச்சோதனையை மறுதலையாகச் செய்தார்; மூளையைச் சூழ்ந்த பாயத்திலே சாயத்தைச் செலுத்தியபோது மூளை சாயமேற, உடலின் ஏனைய பகுதி ஏறாது நின்றது. ஆகவே குருதிக்கும் மூளைக்கும் இடையே ஒரு தடுப்பு உண்டு என்பது புலனாயிற்று. மூளையின் மயிர்த்துளைக் குழாய்களை நீட்டி வைத்தால் ஏறக்குறைய 600 கிலோமீற்றர் வரும் எனக் கணித்துள்ளனர். பருத்தித்துறையிலிருந்து தேவேந்திரமுனைவரையுள்ள தூரத்தினும் அது பெரிது. அக்குழாய்களின் சுவர்க்கலங்கள் ஒன்றோடொன்று இறுகப் பொருந்தி இடைவெளி விடாதிருத்தலே அத்தடுப்பு. குளுக்கோசு முதலிய உணவுப் பொருள்களுக்கு மாத்திரம் தனி வாயில்கள் உண்டு. பார்க்கின்சன் நோயாளருக்குக் குறைவது டோபமின் ஆயினும் கொடுக்கப்படுவது லீவோடோபா ஆதற்குக் காரணம் இதுவே. டோபமின் மதிலைக் கடக்காது, லீவோடோபாவோ அமினோவமிலங்களுக்குரிய வாயிலால் நுழைந்து உள்ளே சென்று டோபமின் ஆகும். இத்தகைய வாயில் வாய்க்கப்பெறாத மருந்துகளே பல. பிறபொருளெதிரிகள் போன்ற பெரிய மூலக்கூறுகள் மிகச் சிறிய அளவிலேயே உட்புகும்.

2001 இல் ஐனினனும் அவர் குழுவினரும் முயல்களில் இம்மதிலைத் திறந்து காட்டினர். முன்னர்ச் சுடுவதற்குப் பயன்பட்ட அதே ஒலி. ஆயின் வன்மையோ மிகக் குறைந்தது. உடன் சேர்ந்தவை நுண்குமிழிகள். கொழுப்பு அல்லது புரத உறையினுள் வாயு அடைக்கப்பட்ட இக்குமிழிகள் செங்குருதிக் கலத்தினும் சிறியன. நாளத்தில் ஏற்றினால் எத்துணை நுண்ணிய குழாயினூடும் செல்வன. குவியத்திலுள்ள குழாய்களில் மட்டும் இவை ஒலியின் தாளத்திற்கு இயைய விரிந்து சுருங்கிச் சுவரை மெல்ல உந்தும். உந்தவே இறுகிய மூட்டுக்கள் தளர்கின்றன. சில மணி நேரம் திறந்திருந்து, ஏறக்குறைய ஒருநாளில் மதில் தானே மூடிக்கொள்ளும். வன்மை மிகுந்தாற் குமிழிகள் வெடித்துக் குழாயைக் கிழித்துக் குருதி கசியச் செய்யும். ஆகலின் குமிழிகள் தாமே எழுப்பும் மெல்லிய ஒலியைக் கருவி கேட்டு, அதற்கேற்ப வன்மையைக் கூட்டிக் குறைக்கும் ஏற்பாடும் செய்யப்பட்டுள்ளது.

நம்மவர் பலர் வாழும் ரொறன்ரோ நகரில் அல்சைமர் நோயாளர் ஐவருக்கு இவ்வாறு மதில் திறக்கப்பட்ட செய்தி 2018 இல் வெளியாயிற்று. மூளையின் முன்பகுதியிற் சிறிதிடம் திறந்தது, ஒருநாளில் மூடியது, பெருந்தீங்கு விளையவில்லை. அறியக் கருதியதும் அதுவே. மறுவாண்டில் அங்கேயே, தசைகள் படிப்படியாகச் செயலிழக்கும் இயக்க நரம்பு நோயுடையார் நால்வரிடத்தும் இது செய்யப்பட்டது. மேற்கு வேர்ஜினியாவின் அலி இரசாய் குழுவினர் ஒருபடி மேற்சென்றனர். அவர்கள் 2024 சனவரியில் வெளியிட்ட ஆய்வில், அமிலோயிட்டை அகற்றும் அடுகனுமாப் என்னும் பிறபொருளெதிரி மூவருக்கு மாதந்தோறும் ஆறுமுறை ஏற்றப்பட்டது. ஒவ்வொரு முறையும் மூளையின் ஒரு புறத்துச் சில இடங்களில் மதில் திறக்கப்பட்டது. திறந்த இடங்களிலே, மறுபுறத்து ஒத்த இடங்களினும் சராசரி 32 சதவீதம் கூடுதலாக அமிலோயிட் குறைந்தது. ஒரே தலையினுள்ளே ஒருபுறத்தை மறுபுறத்தொடு ஒப்பிட்ட திறம் பாராட்டத்தக்கது.

ஆயினும் அளக்கப்பட்டது புரதத் திட்டு, நினைவன்று. திட்டுக் குறைந்தால் நினைவு மீளும் என்பது அனுபவத்திற் கண்டதன்று. 2023 இல் முழு அனுமதி பெற்ற இலெக்கனமாப் என்னும் மருந்து திட்டுக்களைப் பெரிதும் அகற்றுவது. எனினும் பதினெட்டு மாத ஆய்வில் நோயின் தளர்ச்சியை ஏறக்குறைய 27 சதவீதம் மெதுவாக்கியதேயன்றி, இழந்த நினைவை மீட்டதில்லை. இவ்வினத்து மருந்துகள் சிலருடைய மூளையில் வீக்கமும் நுண்கசிவும் விளைப்பதுமுண்டு. மதிலையும் திறந்து அவற்றைப் பெருகவிடுதல் மிக்க எச்சரிக்கையொடு செய்யத்தக்கது. அடுகனுமாப் மருந்தையோ அதன் உற்பத்தியாளரே 2024 இற் கைவிட்டனர்.

மற்றொன்றும் கருதற்பாலது. பார்க்கின்சன் நோயின் அசைவுக் குறைகள் பற்றி 94 பேரிடம் நடந்து 2023 இல் வெளிவந்த ஆய்வில், ஒலி பெற்றவருள் 69 சதவீதத்தினர் முன்னேறினர். ஒலியே பெறாது கருவியினுட் கிடந்தெழுந்தவருள்ளும் 32 சதவீதத்தினர் முன்னேறினர்! நம்பிக்கை என்னும் மருந்தின் ஆற்றல் இத்துணையாயின், ஒப்பிடுவதற்கு வேறொரு குழு இல்லாமல் மூவரிடத்தும் ஐவரிடத்தும் கண்டதைக் கொண்டு குணம் பற்றிப் பேசுதல் எங்ஙனம் பொருந்தும்? அவ்வாய்வாளர் தாம் அங்ஙனம் பேசவில்லை, பேசியன தலைப்புக்களே.

மருந்தே இன்றி மதிலைத் திறத்தல் மட்டும் பயன் தருமா என்றும் ஆராய்கின்றனர். அவுத்திரேலியாவின் குயீன்சிலாந்துப் பல்கலைக்கழகத்தில் 2015 இல் எலிகளிடத்தே இது பயன்பட்டது. மூளையின் துப்புரவுக் கலங்கள் விழித்தெழுந்து அமிலோயிட்டை விழுங்கின, எலிகளின் நினைவும் தேறியது. எலிக்குத் தேறிய மறதி மனிதருக்குத் தேறாது போன வரலாறு இந்நோயில் நெடியது. எலியின் மண்டையோடு மெல்லிய ஏடு போன்றது என்பதையும் மறத்தலாகாது.

எம் நோக்கில், அமிலோயிட்டைத் துரத்தும் முயற்சியினும் தெளிவான வழியொன்று பார்க்கின்சன் நோயில் உளது. அந்நோயாளருட் சிலருக்கு ஒரு குறித்த நொதியத்தை ஆக்கும் பரம்பரையலகு பழுதுற்றிருக்கும். அந்நொதியம் செயற்கையாகச் செய்யப்பட்டு, அதே பரம்பரையலகின் பழுதால் வரும் வேறொரு பிறவி நோய்க்கு நெடுங்காலமாகக் கொடுக்கப்பட்டுவருகின்றது. ஆயின் பருமையால் மூளையுட் புகுவதில்லை. குறைவது இன்னதென்றும், அதனை ஈடுசெய்வது இன்னதென்றும், தடுப்பது மதிலே என்றும் இங்கே முன்னரே தெரியும். ரொறன்ரோவில் இத்தகைய நால்வருக்கு மூளையின் ஒருபுறத்து ஆழப்பகுதியில் மதிலைத் திறந்து அந்நொதியத்தைச் செலுத்தினர். முடிவு 2022 இல் வெளிவந்தது. அவ்வாய்வு முதலில் வினாவியது, இது தீங்கின்றிச் செய்யக்கூடியதா என்பதை. செய்யலாம் என விடை கிடைத்தது. கலங்களின் அழிவு தடைப்பட்டதா என்பது நால்வரைக் கொண்டு விடை காணத்தக்க வினாவன்று. அதற்கு, ஒலி பெறாத ஒரு குழுவையும் உடன்வைத்துப் பலரைப் பல ஆண்டு நோக்குதல் வேண்டும்.